தையல் இடம்

ஆறு மில்லி ப்ளைவுட், எட்டுக்கு நாலு, இரண்டு ஷீட்.
"கப்போர்டுங்களா?" என்றார் கடைக்காரர்.
"ஆமாங்க" என்றேன்.
திருப்பூரில் நின்றுகொண்டு
படகு என்று சொல்ல வாய் வரவில்லை.

பதினேழு வருசமாய் பேட்டர்ன் வெட்டுகிறேன்.
கழுத்து, கை, முன்பக்கம், முதுகு என்று
உருண்ட உடம்பைத் தட்டையாக்கி
அட்டையில் வரைவது என் வேலை.
வெட்டியதெல்லாம் பெட்டியேறித்
தூத்துக்குடி போய்க் கப்பலேறும்.
பில்லில்தான் பார்த்திருக்கிறேன் கடலை.

படகும் அதே கணக்குத்தான்:
பக்கத்துக்கு இரண்டு துண்டு, அடிக்கு இரண்டு, பின்னால் ஒரு மூடி.
தட்டையாய்க் கிடப்பதை ஓரத்தோடு ஓரம் இழுத்துத் தைத்தால்
நடுவில் ஒரு வயிறு வந்துவிடுகிறது.
நூலுக்குச் செம்புக் கம்பி.
கருகிப்போன ஓவர்லாக் மோட்டாரைப் பிரித்து
மூன்று இழையாய் முறுக்கிக்கொண்டேன்.

தப்பு முதல் துண்டிலேயே நடந்தது.
வலப்பக்கம்.
கை, என்னைக் கேட்காமல்,
கோட்டுக்கு வெளியே அரை இஞ்ச் விட்டு வெட்டியிருந்தது.
தையலுக்கு இடம்.
பலகைக்கு மடிப்பு ஏது?
இழைத்துச் சரிபண்ணலாம் என்று எடுத்து வைத்தேன்,
பண்ணவில்லை.

சித்திரை வெயிலில் பிசின்
கப்பிலேயே கொதித்துப் புகைந்தது.
ஈஸ்வரமூர்த்தி மாடியேறி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு
ஒன்றே ஒன்று கேட்டார்:
"ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"
"ஒருத்தருக்கு."
"செரி" என்று இறங்கிப் போனார்.
அன்று ராத்திரி இட்லிக்குச் சட்னி அவரே அரைத்தார்.

செக்கிங்கில் இருக்கும் பெஹெராவுக்குச் சொந்த ஊர் சில்கா ஏரிக்கரை.
விஷயம் தெரிந்த ஆள் ஒருவராவது இருக்கட்டுமென்று கூப்பிட்டேன்.
சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார்.
"அக்கா, படகுன்னா எனக்கு வாந்தி.
அதுக்குத்தான் பனியனுக்கு வந்தேன்" என்றார்.

இருக்கிற ஆறு படகு விடுகிற மாதிரி இல்லை.
ஐப்பசி வரைக்கும்
படகில் மிளகாய் காய்ந்தது.

மழை இரண்டு நடை நன்றாகப் பிடித்த பிறகு
முத்தூரிலிருந்து கொழுந்தனார் போன் பண்ணினார்:
"அண்ணி, கெணறு மேல வந்துருச்சுங்க."
மாடிப்படியில் திரும்பவில்லை.
கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிக்
கொடிக்கயிற்றில் இறக்கினோம்.
எதிர்வீட்டு சரோஜினி பல் விளக்குவதை நிறுத்திவிட்டாள்.
குட்டியானையில் ஏற்றிக் கிளுவை வேலிகளுக்கு நடுவே போகையில்
கொறங்காட்டு மாடுகள் மட்டும்
தலை தூக்காமல் மேய்ந்தன.

அறுபதுக்கு நாற்பது, கல் கட்டிய கிணறு.
மோட்டார் இறக்கும் சங்கிலியில்
படகு முதலில் போனது, படியில் நான்.
உட்கார்ந்தேன். சாய்ந்தது. நின்றது.
மேலே யாரோ கை தட்டி
உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

துடுப்பு ஆறு வலித்தால் எதிர்ச்சுவர்.
ஆனால் சுவரில் முட்டவில்லை.
அந்த அரை இஞ்ச்
படகை இடப்பக்கமாய்த் திருப்பிக்கொண்டே இருந்தது.
நேராகப் போகத் தெரியாத படகு,
நேராகப் போக இடமில்லாத கிணறு.
சுற்றினேன்.
புறாக்கள் கல்பொந்திலிருந்து எட்டிப் பார்த்தன.
தொங்கும் தூக்கணாங்கூடுகளுக்கு நேர் கீழே வந்தபோது
அண்ணாந்து பார்த்தேன்:
ஒவ்வொன்றுக்கும் வாசல் அடியில்,
கை நுழையும் துளை அளவு,
ஓரம் பிசிறில்லாமல்.

மூன்றாவது தையலில் கசிவு.
விரலை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"அண்ணி, திரீபேஸ் வந்துருச்சுங்க,
மக்காச்சோளத்துக்குத் தண்ணி கட்டோணும்.
ஏறி வர்றீங்களா?"
"போடுங்க, நான் இருக்கிறேன்."

மோட்டார் உறுமியது.
ஒன்றும் மாறியதாய்த் தெரியவில்லை.
பிறகு, சுற்றி நாலு பக்கமும்,
தண்ணீர் விட்டுப்போன கல்லில் ஒரு ஈரக்கோடு.
அளந்து பார்க்க வேண்டியதில்லை.
அரை இஞ்ச்.